ஒரு மாணவர் இதழ் நிறுத்தப்பட்டபோது

1920களின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றதும் திரைப்படங்கள் நமக்குப் பழக்கிய காட்சிகள் நினைவுக்கு வரும். விளையாட்டுத் திடலில் திரண்ட பல்லாயிரம் பேர், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட இளம்பெண்கள், ஜாஸ் இசை, நடனம், ஃபோர்டு கார். இவை பொய்யல்ல. அந்தப் பத்தாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் படித்தோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 6 லட்சத்திலிருந்து 11 லட்சமாக உயர்ந்தது. ஹார்வர்டு, யேல், கார்னெல் போன்ற இடங்களில் மாணவர்களே நாளிதழ் நடத்தினார்கள். நேற்றைய ஆட்டத்தின் முடிவு, மாணவர் மன்றத் தேர்தல், நடன நிகழ்ச்சி அறிவிப்பு, உணவு விடுதி பற்றிய குறை, நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் தலையங்கம் எல்லாம் அவற்றில் அச்சாயின.

பத்தாம் வகுப்பில் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட உலகத்தைக் கற்பிக்கும்போது, பெருமந்தத்துக்கு முந்தைய அமெரிக்காவைப் பற்றி ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த இடத்தில் நான் மாணவர்களுக்கு ஒரு வளாகத்தின் கதையைச் சொல்வதுண்டு. அங்கே நடனம் இல்லை, மாணவர் மன்றம் இல்லை. இருந்த மாணவர் இதழும் நிறுத்தப்பட்டிருந்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அது. 1925இல் அங்கு நடந்தது வரலாற்றுப் பாடத்துக்கு மட்டுமன்றி, பள்ளி நடத்தும் நமக்கும் உதவும் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாடிக் கட்டிய கல்லூரி

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனையாக இருந்த கொட்டகைகளில் ஃபிஸ்க் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவரை அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுத்தறிவித்தல் தென்மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படியே குற்றமாக இருந்தது. அதனால் முதல் வகுப்புகளில் சிறுவர்களுடன் முதியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே பணம் தீர்ந்துபோய்ப் பள்ளியை மூடும் நிலை வந்தது. 1871இல் மாணவர்கள் சிலர் ஒரு பாடல் குழுவாகப் புறப்பட்டு, தங்கள் முன்னோர் அடிமைகளாக இருந்தபோது பாடிய பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடினார்கள். 'ஜூபிலி பாடகர்கள்' என்று பெயர்பெற்ற அக்குழு இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன்னும் பாடியது. அவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்ததுதான் ஜூபிலி மாளிகை. ஃபிஸ்க் மாணவர்களின் தன்மதிப்புக்கு வேர் இங்கே இருக்கிறது. தங்களுக்கு முன் படித்தவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் நிற்கும் கல்லூரி இது என்பது அங்கு சேரும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

1880களில் மாணவர் இதழும் வந்தது. 'ஃபிஸ்க் ஹெரால்டு' என்பது அதன் பெயர். கறுப்பினக் கல்லூரிகளின் மிகப் பழைய மாணவர் இதழ்களில் ஒன்று. அதன் ஆசிரியராக இருந்த மாணவர் ஒருவர் 1888இல் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டு சென்று, அங்கு முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கரானார். அவர்தான் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். 1910 முதல் 'தி கிரைசிஸ்' என்ற இதழை நடத்தி, கறுப்பின மக்களின் உரிமைக் குரலாக நாடெங்கும் அறியப்பட்டவர். மாணவர் இதழில் எழுதிப் பழகிய கை அது என்பதை இந்த இடத்தில் என் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

பத்து மணிக்கு விளக்கை அணை

1915இல் ஃபயட் மெக்கென்சி ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் வெள்ளையர், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். அவருக்கு முன் அங்கு தலைவர்களாக இருந்தவர்களும் வெள்ளையர்களே.

அவர் காலத்தில் வளாகத்தின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? இரவு 10 மணிக்கு விடுதி விளக்குகள் அணைய வேண்டும். மாணவனும் மாணவியும் அனுமதியின்றிச் சேர்ந்து நடக்கவோ பேசவோ கூடாது. மாணவிகள் பட்டு உடுத்தக் கூடாது. பருத்திக் காலுறைதான் அணிய வேண்டும். உடையின் கழுத்தும் கையும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. மற்ற கல்லூரிகளில் பரவியிருந்த மாணவர் சங்கங்களுக்கு இங்கே இடமில்லை. மாணவர் மன்றம் கிடையாது. மாணவர் விளையாட்டுச் சங்கம் கலைக்கப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற தேசியச் சங்கத்தின் கிளையைத் தொடங்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. 'ஃபிஸ்க் ஹெரால்டு' நிறுத்தப்பட்டது.

இப்பட்டியலைக் கேட்டதும் ஓர் ஐயம் எழலாம். அக்காலத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் கட்டுப்பாடு இருந்ததல்லவா? இருந்தது. வெள்ளையர் படித்த பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் குறிக்கப்பட்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் மாணவர்கள் கார் ஓட்டுவதற்கே தடை விதித்தது. பெற்றோரின் இடத்தில் நின்று மாணவரைக் காப்பது கல்லூரியின் கடமை என்பது அக்காலத்துப் பொதுக்கருத்து. ஆனால் அங்கெல்லாம் ஒரு விதி பிடிக்காவிட்டால் மாணவர் நாளிதழ் மறுநாளே அதைக் கிண்டல் செய்து எழுதும். மாணவர் மன்றம் தீர்மானம் போடும். ஃபிஸ்க்கில் விதிகள் கடுமையாக இருந்ததோடு, அவற்றைப் பற்றிப் பேசும் வழிகளும் அடைபட்டிருந்தன. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குத் தெளிவாக்கிவிட்டால் கதையின் மீதிப் பகுதி எளிதில் விளங்கும்.

விதிகள் யாருக்காக?

மெக்கென்சியைக் கொடியவராகச் சித்திரித்துவிட்டால் பாடம் பிழையாகிவிடும். அவர் பாடத்திட்டத்தின் தரத்தை உயர்த்தினார். ஃபிஸ்க்கை நல்ல கல்லூரிகளின் வரிசையில் நிறுத்தப் பாடுபட்டார். அதற்குப் பணம் வேண்டும். வடமாநிலச் செல்வர்கள் அமைத்த அறநிறுவனங்களிடம்தான் பணம் இருந்தது. 10 லட்சம் டாலர் நிலை வைப்பு நிதி திரட்டுவது அவருடைய பெருங்கனவு. அதில் பாதியைத் தர ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கிய பொதுக் கல்வி வாரியம் முன்வந்தது. 1924இல் அந்த இலக்கு எட்டப்பட்டது.

நன்கொடை தருவோர், தென்மாநில வெள்ளையரின் நல்லெண்ணம் கெடக் கூடாது என்று எண்ணினார்கள். கறுப்பின இளைஞர்கள் உயர்கல்வி பெற்றால் அடங்காமல் போவார்கள் என்ற பேச்சு அங்கே பரவலாக இருந்தது. அடக்கமானவர்கள்தாம் என்று காட்டுவதற்கு வளாகம் அமைதியாக இருக்க வேண்டும். பருத்திக் காலுறையும் பத்து மணி விளக்கும் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கான ஏற்பாடுகளாகவும் இருந்தன. தங்கள் நலனுக்காக என்று சொல்லப்பட்ட விதிகள் வேறு யாருக்காகவோ போடப்பட்டவை என்று மாணவர்கள் உணர்ந்தார்கள். அவர்களுடைய மனக்கசப்பின் மையம் இதுதான்.

அந்த மாணவர்கள் எத்தகைய காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரில் கறுப்பின வீரர்கள் பிரான்சில் போரிட்டுத் திரும்பியிருந்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் புதிய கலை எழுச்சியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான சோரா நீல் ஹர்ஸ்டனும் உடன்படித்த ஒருவரும் சேர்ந்து 1924 ஜனவரியில் 'தி ஹில்டாப்' என்ற மாணவர் செய்தித்தாளைத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் இதழ் பிறக்கிறது. இன்னோரிடத்தில் இருந்த இதழும் இல்லை.

இதழ் திரும்பி வந்தது

1924 ஜூன் மாதம் டு பாய்ஸின் மகள் ஃபிஸ்க்கில் பட்டம் பெற்றார். அந்த விழா நாட்களில் டு பாய்ஸ் வளாகத்தில் உரையாற்றினார். நெடுங்கால மௌனத்தைக் குறிக்கும் இலத்தீன் சொற்களைத் தம் உரைக்குத் தலைப்பாக வைத்திருந்தார். பண்டைய ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் உரை ஒன்றிலிருந்து எடுத்த சொற்கள் அவை. தாம் படித்த கல்லூரியைப் பொதுவெளியில் குறைகூற நெடுநாள் தயங்கியவர், அன்று மாணவர்களின் தன்மதிப்பை அழிக்கும் கட்டுப்பாடுகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பணம் வருகிறது என்பதற்காகக் கல்வி தன் நோக்கத்தை விட்டுக்கொடுக்கலாகாது என்பது அவர் உரையின் சாரம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளாகத்தில் நிறுத்தப்பட்ட 'ஃபிஸ்க் ஹெரால்டு' இதழை, நியூயார்க்கில் இருந்த பழைய மாணவர்களும் டு பாய்ஸும் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அவருடைய உரை அதில்தான் அச்சேறியது. மூடிய இதழ் முன்பைவிடப் பெரிய செய்தியோடு திரும்பி வந்தது. மாணவர் எழுதும் பத்திரிகையாக இருந்தபோது விருந்தையும் விளையாட்டையும் பேசியிருக்கக்கூடிய அந்தப் பெயர், இப்போது நிர்வாகத்தின் குறைகளைப் பேசும் பெயராகிவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் அறங்காவலர்கள் நாஷ்வில் வந்தார்கள். மாணவர்கள் அவர்களைச் சந்தித்துத் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்தார்கள். மாணவர் மன்றம் வேண்டும், இதழ் வேண்டும், உடை விதிகளைத் தளர்த்த வேண்டும் என்பவை அவை. எதிலும் ஒழுங்குக் குலைவு இல்லை. சில சலுகைகள் வரும் என்று மாணவர்கள் நம்பினார்கள். அடுத்த மாதங்களில் அவர்கள் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை.

1925 பிப்ரவரி 4

அன்றிரவு 10 மணிக்கு விளக்கணைக்கும் விதியை மாணவர்கள் மீறினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வளாகத்தில் பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் சென்றார்கள். டு பாய்ஸின் பெயரை முழங்கினார்கள். சில சன்னல்கள் உடைந்தன, இருக்கைகள் கவிழ்க்கப்பட்டன. இதில் மாணவர் பக்கம் தவறே இல்லை என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. சன்னலை உடைத்தது தவறுதான்.

மெக்கென்சி நாஷ்வில் நகரக் காவல்துறையை அழைத்தார். துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் காவலர்கள் மாணவர் விடுதிக்குள் நுழைந்தார்கள். தலைவர் கொடுத்த பெயர்ப் பட்டியலின்படி சில மாணவர்களைக் கைது செய்தார்கள். நவம்பரில் அறங்காவலர்களிடம் குறைகளை எடுத்துச் சொன்ன மாணவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள்மீது சுமத்திய பெருங்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

கல்லூரிக்குள் காவலர் வருவது எங்கும் வருந்தத்தக்கதே. அன்றைய டென்னசியில் அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 1924 டிசம்பரில், நாஷ்வில் மருத்துவமனையில் கிடந்த 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை ஒரு கும்பல் இழுத்துச் சென்று கொன்றிருந்தது. அத்தகைய ஊரில் தங்கள் பிள்ளைகளின் விடுதிக்குள் ஆயுதத்தோடு வெள்ளைக் காவலர் நுழைந்தார்கள் என்ற செய்தி கறுப்பினப் பெற்றோரின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அதுவரை கல்லூரித் தலைவரை ஆதரித்த கறுப்பினக் குடும்பங்கள் பலவும் மனம் மாறியது இங்கேதான்.

பத்து வாரங்கள்

மறுநாள் முதல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். மிகப் பலர் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பினார்கள். நாஷ்வில் நகரின் கறுப்பின மக்கள் பெருங்கூட்டம் கூட்டி மாணவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். நகரின் வெள்ளையர் வணிகர்களும் செய்தித்தாள்களும் தலைவர் பக்கம் நின்றார்கள். போராட்டம் பத்து வாரம் நீடித்தது.

ஒரு பருவப் படிப்பை இழப்பது அந்த மாணவர்களுக்குச் சிறிய விலை அல்ல. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் பலர். வீட்டார் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணத்தில் படித்தவர்கள். பட்டம் பெறாவிட்டால் கறுப்பினப் பள்ளிகளில் ஆசிரியராகும் வாய்ப்பும் தள்ளிப்போகும். அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் வெளியேறினார்கள்.

1925 ஏப்ரலில் மெக்கென்சி பதவி விலகினார். அதன்பின் மாணவர் மன்றம் அனுமதிக்கப்பட்டது. உடை விதிகள் தளர்ந்தன. மாணவர் சங்கங்களும் விளையாட்டும் இதழும் திரும்பின. 1926இல் தலைவரான தாமஸ் எல்சா ஜோன்ஸ் காலத்தில் கல்லூரி தளர்ந்துவிடவில்லை. 1928இல் சமூகவியல் அறிஞர் சார்லஸ் எஸ். ஜான்சன் அங்கு வந்து சேர்ந்தார். 1930இல் தென்மாநிலக் கல்லூரிகளின் தர அமைப்பு ஃபிஸ்க்குக்கு உயர்தர அங்கீகாரம் அளித்தது. மெக்கென்சி விரும்பிய தரம், அவர் அஞ்சிய சுதந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. 1946இல் ஜான்சனே அதன் முதல் கறுப்பினத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்ற வளாகங்களில்

ஃபிஸ்க் தனித்த நிகழ்வன்று. 1925 மே மாதம் ஹோவர்டு மாணவர்கள் கட்டாய இராணுவப் பயிற்சி தொடர்பான விதிகளை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அடுத்த ஆண்டு அங்கு முதல் கறுப்பினத் தலைவராக மார்டிகாய் ஜான்சன் பொறுப்பேற்றார். 1927 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்டன் கல்லூரியில் திரைப்படம் ஓடும்போது அரங்கின் விளக்குகளை எரியவிட வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியது. இருட்டில் மாணவரும் மாணவியரும் அருகருகே இருக்கக் கூடாதாம். அதில் தொடங்கியது வேலைநிறுத்தம். அங்கே மாணவர்கள் வெற்றி பெறவில்லை. பலர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மாணவர் போராடினால் எப்போதும் வெல்வார்கள் என்று எளிமைப்படுத்திக் கற்பிக்காமலிருக்க இந்த மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

ஹாம்டனில் விளக்கு, ஃபிஸ்க்கிலும் விளக்கு. இவ்வளவு சிறிய செய்திக்கா இத்தனை பெரிய போராட்டம் என்று மாணவர்கள் கேட்பார்கள். சிறிய குறைகளைச் சொல்ல ஓர் இடம் இருந்தால் அவை சிறியவையாகவே தீர்ந்துபோகும். இடம் இல்லாதபோது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஏதோ ஒரு விளக்கின் பெயரால் வெளிவருகின்றன. ஃபிஸ்க் நிர்வாகம் இதழை நிறுத்தியபோது குறைகள் நின்றுவிடவில்லை. அவற்றை முன்கூட்டியே அறியும் வாய்ப்பைத்தான் நிர்வாகம் இழந்தது.

வகுப்பறையில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

இந்த நிகழ்வை ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம். நான் பின்பற்றும் முறை எளியது. ஃபிஸ்க் விதிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது யாருக்குப் பயன்பட்டது என்று குழுக்களாகப் பேசி எழுதச் சொல்வேன். மாணவரின் பாதுகாப்புக்கா, நிர்வாகத்தின் வசதிக்கா, வெளியாரின் பார்வைக்கா? ஒரே விதிக்கு இரண்டு குழுக்கள் வெவ்வேறு விடை எழுதும். அந்த விவாதத்தில்தான் பாடம் நடக்கிறது. பத்து மணி விளக்கு உடல்நலத்துக்கும் நல்லதுதானே என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியை வரவேற்று விவாதத்துக்கு விட வேண்டும்.

அடுத்த நாள் அதே மூன்று தலைப்புகளில் நம் பள்ளியின் விதிகளை வைத்துப் பார்க்கலாம். இதற்குத் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. பெரும்பாலான விதிகளுக்கு மாணவர்களே நல்ல காரணம் கண்டுபிடிப்பார்கள். காரணம் தெரிந்த விதியைக் கடைப்பிடிப்பது அவர்களுக்கு எளிது. காரணம் சொல்ல முடியாத ஒன்றிரண்டு இருந்தால், ஆசிரியர்களாகிய நாம் கூடிப் பேசிக்கொள்ளலாம்.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு அரசியலும் ஆண்டுகளும் தேவையில்லை. பாடல் பாடிக் கல்லூரியைக் காப்பாற்றிய மாணவர்களின் கதையே போதும். சிறுவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். பிறகு ஒரு சார்ட் தாளில் வகுப்புச் செய்தித்தாள் தயாரிக்கலாம். நேற்று மதிய உணவில் என்ன, தோட்டத்தில் எந்தச் செடி பூத்தது, யார் வரவில்லை, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை. அன்றாடச் செய்தியிலிருந்துதான் எழுத்து தொடங்கும்.

உயர்நிலை வகுப்புகளில் சுவர் இதழ் நடத்துவோர்க்கு ஒரு யோசனை. கவிதை, பொன்மொழி, ஓவியம் ஆகியவற்றோடு 'நாங்கள் கேட்கிறோம்' என்று ஒரு பகுதி ஒதுக்குங்கள். கேட்பவர் பெயர் போட வேண்டியதில்லை. அடுத்த இதழில் அதற்குப் பதில் வர வேண்டும் என்பது மட்டும் உறுதியாக இருக்கட்டும். உடனே செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதினாலும் அது பதில்தான். தனிப்பட்ட வேதனைகளுக்கும் துன்புறுத்தல் பற்றிய புகார்களுக்கும் சுவர் இதழ் இடமன்று. அவற்றுக்கு 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதைக் குறித்த காலத்தில் திறந்து பார்ப்பதும், எழுதியவர் யார் என்று தேடாதிருப்பதும் நம் கடமை.

இப்பாடத்தை முடிக்கும்போது மாணவர்களிடம் ஒரு வீட்டுப்பணி கொடுப்பேன். 1924 நவம்பரில் அறங்காவலர் முன் நிற்கும் ஃபிஸ்க் மாணவராகத் தம்மை நினைத்துக்கொண்டு, மூன்று கோரிக்கைகளைக் காரணத்தோடும் மரியாதையோடும் எழுதிவர வேண்டும். மறுநாள் சிலரை அறங்காவலர்களாக அமரவைத்து, மற்றவர்கள் எழுதியதைப் படிக்கச் செய்து, பதில் சொல்ல வைப்பேன். உரத்துப் பேசாமலேயே உறுதியாகப் பேச முடியும் என்பதை எழுதுகிறவர்கள் கற்கிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர்கள், கேட்பது எவ்வளவு கடினமான வேலை என்பதைக் கற்கிறார்கள்.